பொள்ளாச்சித் தோப்பில் ஒரு போக்கிமான்

பொள்ளாச்சிப் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு தென்னந்தோப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். சில மட்டைகளில் ஓலை முழுசாக இருக்காது. முக்கோணம் முக்கோணமாக வெட்டு விழுந்திருக்கும். இடப்பக்கம் எந்த இடத்தில் வெட்டு இருக்கிறதோ, வலப்பக்கமும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். அவ்வளவு உயரத்தில் ஏறி இப்படிக் கணக்காக நறுக்கியது யார்?

யாரும் நறுக்கவில்லை. குருத்தில் விழுந்தது ஒரே ஒரு துளைதான். தென்னங்குருத்து விரிவதற்கு முன் அதன் ஓலைகள் எல்லாம் நெருக்கமாக மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு வண்டு குறுக்கே துளைத்துக்கொண்டு போனால் அத்தனை மடிப்பிலும் ஓட்டை விழுந்துவிடும். பிற்பாடு மட்டை விரியும்போது அந்த ஒரு துளையே வரிசையாகப் பல வெட்டுகளாகத் தெரியும். நோட்டுத் தாள் ஒன்றை விசிறி மடிப்பாக மடித்து, ஓரத்தில் ஒரே ஒரு நறுக்கு நறுக்கி விரித்துப் பாருங்கள். மட்டையில் நடந்தது அப்படியே உங்கள் கையில் நடக்கும்.

துளைத்தது காண்டாமிருக வண்டு. நான்கைந்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பளபளவென்று கருப்பு. தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு.

போக்கிமான் பார்க்கிறவர்களுக்கு இந்த உருவம் புதிதாக இருக்காது. நீல ஓடும் பெரிய கொம்புமாக ஹெராகிராஸ் என்று ஒன்று வருமே, எதிரியைக் கொம்பால் நெம்பித் தூக்கி வீசுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் நாட்டுக் காண்டாமிருக வண்டை வைத்து உருவாக்கிய பாத்திரம் அது. அந்த வண்டை ஜப்பானியர்கள் கபுடோமுஷி என்பார்கள். கபுடோமுஷியும் நம் தென்னந்தோப்பு வண்டும் வேறு வேறு இனங்கள்தான். ஆனாலும் வண்டுகளின் வம்சாவளியில் இரண்டும் நெருங்கிய பங்காளிகள்.

பங்காளிகளில் ஒன்றுக்கு அங்கே ராஜமரியாதை. மற்றொன்றுக்கு இங்கே பொறி. ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே போனால் நல்ல அறிவியல் கிடைக்கும்.

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். கோடை விடுமுறை வந்தால் அங்கே பிள்ளைகள் வலையும் பிளாஸ்டிக் பெட்டியுமாக வண்டு பிடிக்கக் கிளம்புவார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கடையிலேயே வண்டு கிடைக்கும். அது சாப்பிடுவதற்குச் சின்னக் கிண்ணத்தில் அடைத்த ஜெல்லியும் தனியாக விற்பார்கள். 2003-ல் சேகா நிறுவனம் ‘முஷிகிங்’ என்று ஒரு விளையாட்டு எந்திரத்தைக் கடைகளில் கொண்டுவந்து வைத்தது. காசு போட்டால் ஒரு வண்டின் படம் போட்ட அட்டை வரும். அந்த அட்டையை எந்திரத்துக்குக் காட்டி, திரையில் வண்டுச் சண்டை நடத்தலாம். அட்டைகளில் இருந்தவை உலகத்தில் உண்மையாகவே உள்ள வண்டுகள். ஆகவே விளையாடிய பிள்ளைகளுக்கு எந்த நாட்டில் எந்த வண்டு, எதற்கு எத்தனை கொம்பு என்பதெல்லாம் தானாகவே மனப்பாடம் ஆகிவிட்டது.

போக்கிமானின் வேரும் பூச்சிதான். அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோவை ஒட்டிய மச்சிடா என்ற ஊரில் வயலும் குளமும் தோப்புமாக இருந்த காலத்தில் பூச்சி பிடித்தே வளர்ந்தவர். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பூச்சி டாக்டர். அவர் பெரியவராவதற்குள் அந்த வயல்கள் கட்டடங்களாகிவிட்டன. கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வந்தபோது, இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று தெரிந்தது. அந்தக் கம்பி வழியாக ஒரு பூச்சி இங்கிருந்து அங்கே ஊர்ந்து போவதாக அவர் மனத்தில் ஒரு காட்சி வந்தது. நான் பிடித்ததை உனக்குத் தருகிறேன், நீ பிடித்ததை எனக்குத் தா! 1996 பிப்ரவரியில் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டின் கரு அதுதான்.

அவருக்கும் முன்னோடி ஒசாமு தெசுகா. ஜப்பானில் படக்கதைகளை மாங்கா என்பார்கள். அந்த மாங்காவின் கடவுள் என்று கொண்டாடப்படுகிறவர் இவர். 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சிக்கு வந்த ‘ஆஸ்ட்ரோ பாய்’ இவருடைய படைப்பு. பள்ளிக்கூட நாட்களில் பூச்சிகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் காலின் முள்வரை நுணுக்கமாக வரைந்து வைத்தவர். தன் புனைபெயரிலேயே பூச்சியைக் குறிக்கும் எழுத்து ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். தன் கார்ட்டூன் நிறுவனத்துக்கும் பூச்சியின் பெயரையே, முஷி என்று வைத்தார். தெசுகாவின் கோடுகளில் இருக்கும் உயிர், உயிருள்ள ஒன்றைச் சலிக்காமல் உற்றுப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, நம் தோப்புக்குத் திரும்புவோம். கபுடோமுஷி என்ன சாப்பிடுகிறது? ஓக் போன்ற மரங்களின் பட்டையில் கசிந்து வழியும் சாற்றைக் குடிக்கிறது. நம் வண்டு? அதுவும் சாறுதான் குடிக்கிறது! தென்னை நாரை அது விழுங்குவதில்லை. குருத்தைக் கடித்து மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துளைக்கு வெளியே தள்ளிவிடும். துளை வாயில் நார் நாராகத் தள்ளியிருப்பதைப் பார்த்தால் வண்டு உள்ளே இருக்கிறது என்று தோட்டத்துக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு வண்டு வழிகிற சாற்றைத் தேடிப் போகிறது. மற்றொன்று மரத்தின் உயிர்நிலையான குருத்தையே கிழித்துச் சாறு எடுக்கிறது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமே போய்விடும். குருத்து பிழைத்தாலும், வண்டு போட்ட காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு என்ற இன்னும் மோசமான எதிரி உள்ளே நுழைந்து முட்டை இடும். ஆனைமலை, ஆழியாறு பக்கத்து விவசாயிக்குக் காண்டாமிருக வண்டைக் கண்டால் ஏன் கோபம் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

இதில் ஒரு விந்தை உண்டு. மரத்தைத் தாக்குவது வளர்ந்த வண்டு மட்டும்தான். அதன் புழு மரத்தைத் தொடுவதே இல்லை. அப்புச்சி தோட்டத்து எருக்குழியைக் கிளறினால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாக, வளைந்து சுருண்டு கிடக்கும் புழுக்கள் அகப்படும். சாணமும் மட்கிய குப்பையும் இற்றுப்போன தென்னங்கட்டையும்தான் அவற்றின் சாப்பாடு. முட்டை பொரிய சுமார் பத்து நாள். புழுவாக நான்கைந்து மாதம். அப்புறம் கூட்டுப்புழு. மண்ணுக்குள்ளேயே இவ்வளவும் நடந்து முடிந்து, இருட்டிய பிறகு கொம்போடு வெளியே பறந்து வரும். எருக்குழியில் கிடப்பதெல்லாம் இந்தப் புழு என்றும் எண்ணிவிடாதீர்கள். வேறு வண்டுகளின் புழுக்களும் அங்கே இருக்கும்.

விவசாயிகள் இதைப் பிடிக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வாசனைப் பொறி. ஆண் வண்டு நல்ல இடம் கிடைத்ததும் ஒரு வாசனையை வெளிவிடும். அந்த வாசனைக்கு ஆண், பெண் இரண்டுமே வந்து கூடும். விஞ்ஞானிகள் அந்த வேதிப்பொருளைக் கண்டறிந்து, செயற்கையாகத் தயாரித்து, சின்ன உறையில் அடைத்துத் தருகிறார்கள். வாளியில் அதைக் கட்டித் தோப்பில் தொங்கவிட்டால் வண்டு தானே வந்து விழும். ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்துப் பானையில் புளிக்க வைப்பதும் உண்டு. எருக்குழிக்கு மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, உள்ளே இறங்கிப் புழுவைக் கொன்றுவிடும். செத்த புழுவின் மேல் பச்சைத் தூள் படிந்திருக்கும். இவை எதிலும் தோப்பு முழுக்க விஷம் தெளிக்கத் தேவையில்லை.

இந்த வண்டு கடல் தாண்டிப் போன கதையும் இருக்கிறது. 1909-ல் இலங்கையிலிருந்து பசிபிக் தீவான சமோவாவுக்கு ரப்பர் நாற்றுகள் கப்பலில் போயின. நாற்றோடு வண்டும் போய்ச் சேர்ந்தது. அந்தத் தீவில் அதைக் கட்டுப்படுத்தும் எதிரிகள் இல்லை. தென்னைகள் சாய்ந்தன. 1963-ல் மலேசியாவில் அலாய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இந்த வண்டைத் தாக்கும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டுபோய்ச் சமோவாவில் விட்ட பிறகுதான் சேதம் குறைந்தது. பொழுதுபோக்குக்காக வெளிநாட்டு வண்டுகளை வாங்கி வளர்க்கும் ஜப்பானிலும் இதே கவலை இருக்கிறது. பெட்டியிலிருந்து தப்பியவை உள்ளூர் வண்டுகளோடு கலந்துவிடுமோ என்று அங்குள்ள ஆய்வாளர்கள் எச்சரித்து வருகிறார்கள்.

அடுத்தது கொம்பு. கபுடோமுஷி ஆணின் கொம்பு, உடல் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை வளரும். சாறு வழியும் இடத்துக்குப் போட்டி போடும்போது எதிரியின் அடியில் கொம்பைச் செருகி, நெம்பி, மரத்திலிருந்து கீழே தள்ளிவிடும். ஹெராகிராஸ் கார்ட்டூனில் செய்வதும் இதுதான். ஆனால் எல்லா ஆணுக்கும் பெரிய கொம்பு வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் மொண்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் எம்லனும் அவர் குழுவும் 2012-ல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். புழுப் பருவத்தில் நன்றாகச் சாப்பிட்ட வண்டின் உடலில் இன்சுலின் சார்ந்த சமிக்ஞை அதிகமாக ஓடும். கால், இறக்கை போன்ற உறுப்புகளைவிட, கொம்பாகப் போகும் செல்கள் அந்தச் சமிக்ஞைக்கு மிகக் கூடுதலாகச் செவிசாய்க்கும். அதனால் சாப்பாடு கொஞ்சம் குறைந்தாலும் கொம்பு மட்டும் நிறையக் குறைந்துவிடும். குப்பைக்குள் கிடந்த நாட்களில் எவ்வளவு சாப்பிட்டது என்பதை வண்டு தலையில் சுமந்துகொண்டு திரிகிறது!

வலிமைக்கு வருவோம். காண்டாமிருக வண்டு தன் எடையைப் போல் 850 மடங்கு தூக்கும் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். 1996-ல் ராட்ஜர் கிராம் என்ற ஆய்வாளர் வண்டின் முதுகில் எடை ஏற்றி நடக்கவிட்டு அளந்தார். 30 மடங்கு எடையோடு நிதானமாக நெடுநேரம் நடந்தது. அதிகபட்சம் 100 மடங்கு. 850 இல்லாவிட்டால் என்ன? 30 கிலோ எடையுள்ள நீங்கள் 900 கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள்!

நம்மால் ஏன் முடியவில்லை? ஒரு கணக்குப் போடலாம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்று எடுங்கள். பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் ஒரு முகத்தின் பரப்பு 4 மடங்கு ஆகும், கன அளவு 8 மடங்கு ஆகும். பக்கத்தைப் பத்து மடங்காக்கினால் பரப்பு 100 மடங்கு, கன அளவு 1000 மடங்கு. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. ஆக, உடல் பெரிதாகப் பெரிதாக எடை முந்திக்கொண்டு ஓடும், பலம் பின்தங்கிவிடும். 100 மடங்கு சுமக்கும் வண்டைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் தன் எடையில் 10 மடங்குதான் சுமக்கும். நூறு மடங்கு பெரிதாக்கினால் தன் எடை அளவுக்கே தடுமாறும். வண்டின் பலத்தில் பெரும்பங்கு அது சின்னதாக இருப்பதால் வந்தது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்னொரு ஜப்பானிய விந்தையைப் பார்ப்போம். காட்ஸில்லா படம் எடுத்த டோஹோ நிறுவனம் 1961-ல் ‘மோத்ரா’ என்ற படத்தை வெளியிட்டது. இஷிரோ ஹோண்டா இயக்கியது. கதாநாயகி ஒரு ராட்சதப் பட்டுப்பூச்சி. அதன் புழு டோக்கியோ நகரத்துக்குள் ஊர்ந்து வந்து, 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரத்தில் சாய்ந்து கூடு கட்டும். அப்புறம் சிறகு முளைத்துப் பறக்கும். உலகத்தில் வேறு எந்த நாட்டுக்கும் பட்டுப்புழுவை அசுரனாக்கத் தோன்றியிருக்குமா, சந்தேகம்தான். மெய்ஜி பேரரசர் காலம் தொட்டு 1930-கள்வரை ஜப்பான் உலகத்துக்கு ஏற்றுமதி செய்த பொருட்களில் முதலிடம் பட்டுக்குத்தான். வீட்டுக்கு வீடு புழு வளர்த்த நாடு அது.

மோத்ரா மெய்யாகவே பறக்குமா? பட்டுப்பூச்சியின் சிறகு விரிந்தால் சுமார் 4 சென்டிமீட்டர். எடை ஒரு கிராம் என்று வையுங்கள். அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் சிறகு 40 மீட்டர் ஆகும். (படத்தில் வருவது அதைவிடப் பெரியது.) சிறகின் பரப்பு பத்து லட்சம் மடங்கு கூடும். எடையோ நூறு கோடி மடங்கு கூடி 1000 டன் ஆகிவிடும். ஆக, சிறகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட ஆயிரம் மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். பறப்பதை விடுங்கள், நிற்கவே கால் தாங்காது. மூச்சும் திணறும். பூச்சிகளுக்கு நுரையீரல் கிடையாது. உடலின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்று நுண்குழல்களில் புகுந்து ஒவ்வொரு செல்லுக்கும் போகிறது. குட்டி உடலுக்கு இந்த ஏற்பாடு பிரமாதம். பெரிய உடலுக்குள் ஆக்சிஜன் போய்ச் சேருவதற்குள் தாமதமாகிவிடும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மெகநியூரா என்ற தும்பி போன்ற பூச்சி வாழ்ந்தது. அதன் சிறகு விரிந்தால் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அன்றைக்குக் காற்றில் ஆக்சிஜன் இன்றைய 21 சதவீதத்தைவிட அதிகமாக இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள்.

இதில் இன்னும் வேடிக்கை, நிஜப் பட்டுப்பூச்சி நாலு சென்டிமீட்டரிலேயே பறக்காது! ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்களிடம் வளர்ந்ததில் அந்தத் திறமை போய்விட்டது. வாயும் இயங்காது. கூட்டைவிட்டு வந்து, ஜோடி சேர்ந்து, முட்டை இட்டுச் சில நாளில் இறந்துவிடும். சாப்பாடெல்லாம் புழுப் பருவத்தோடு சரி. உடுமலையிலோ கோபிசெட்டிபாளையத்திலோ பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தெரிந்தவர்களாக இருந்தால் அம்மா அப்பாவோடு ஒரு முறை போய்ப் பாருங்கள். நோய் பரவக்கூடாது என்பதால் புழு மனைக்குள் நுழையும்முன் காலைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்வார்கள், மறக்காமல் செய்யுங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான புழுக்கள் மல்பெரி இலையை மெல்லும் சத்தம் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். நான்கு முறை தோல் உரித்து, 25 நாளில் பிறந்த எடையைப்போல் சுமார் பத்தாயிரம் மடங்கு ஆகிவிடும். பிறகு தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி, வாயிலிருந்து அறுபடாத ஒரே இழையாக ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நூலைச் சுரந்து கூடு கட்டும். மோத்ரா படம் எடுத்தவர்கள் வாயிலிருந்து நூல் வருவதை மாற்றவில்லை.

நம் ஊரில் வெள்ளைக் கூடு கட்டும் புழுக்களுக்கும் ஜப்பானுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. தோயாமா கமெடாரோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்று சொல்லும் மெண்டலின் மரபு விதிகள் பட்டுப்புழுவுக்கும் பொருந்தும் என்று 1906-ல் காட்டினார். இரண்டு இனங்களைக் கலந்து பெறும் முதல் தலைமுறைக் கலப்பினத்தைத்தான் வளர்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. 1990-களில் ஜப்பானிய நிபுணர்களின் துணையோடு மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் நம் வெயிலைத் தாங்கும் சி.எஸ்.ஆர். இனங்களை உருவாக்கியது. கொங்குப் பகுதியில் இன்று வளரும் வெண்கூட்டுப் புழுக்கள் அந்த வழியில் வந்தவை.

இவ்வளவு தூரம் போக முடியாது என்கிறவர்களுக்கு வீட்டுக் கறிவேப்பிலைச் செடி போதும். அதில் கொழுகொழுவென்று பச்சைப் புழு ஒன்று இருந்தால் அதன் தலைக்குப் பின்னால் ஒரு குச்சியால் மெல்லத் தொடுங்கள். சட்டென்று சிவப்பாகக் கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி, ஒரு கெட்ட வாடையை விடும். எறும்பையும் குருவியையும் விரட்டும் தந்திரம் அது. கேட்டர்பி என்ற பச்சைப்புழுப் போக்கிமானின் தலையில் இருக்கும் சிவப்புக் கவட்டை எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டர்பி, மெட்டபாட், பட்டர்ஃப்ரீ என்று அது மாறுவதும் இந்தப் புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி வரிசையேதான்.

கடைசியாக, நம் பிள்ளைகளுக்கும் ஒரு வண்டு விளையாட்டு உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடு மேயும் இடத்தில் வேல மரங்கள் நிற்கும். மழைக்காலத்தில் அவற்றில் பொன்வண்டு வரும். உங்கள் அப்பா காலத்தில் அதைத் தீப்பெட்டியில் வைத்து, வேல இலை போட்டு, முட்டை இட்டதா என்று நாளுக்கு நாலு தரம் திறந்து பார்ப்பார்கள். அதன் பச்சை மினுமினுப்பு சாயம் இல்லை. ஓட்டில் மிக மெல்லிய அடுக்குகள் பல இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கும், சில அடங்கும். சோப்புக் குமிழியில் நிறம் வருவதும் இந்த வழியில்தான். சாயம் இல்லாததால் சுலபமாக வெளுக்காது. ஜப்பானின் நாரா நகருக்கு அருகே ஹோரியூஜி கோயிலில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு வழிபாட்டு மாடம் இருக்கிறது. அங்குள்ள பொன்வண்டு இனத்தின் சிறகோடுகளை அடுக்கி அலங்கரித்தது அது. பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டாலும் ஒன்றிரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கேட்டுக்கொள்கிறேன் கண்ணுகளா, பொன்வண்டைக் கையில் ஏந்திப் பாருங்கள், வரையுங்கள், பிறகு எடுத்த மரத்திலேயே விட்டுவிடுங்கள். வேல மரங்கள் குறைந்ததில் பொன்வண்டும் இப்போது எளிதில் கண்ணில் படுவதில்லை.

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 2018-ல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அங்கே பார்த்து வைத்துக்கொண்டால் தோட்டத்தில் அடையாளம் காண்பது சுலபம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு, தென்னந்தோப்பு உள்ள ஊர்களில் இரவு விளக்கு வெளிச்சத்துக்குக் காண்டாமிருக வண்டு வரும். கடிக்காது, விஷமில்லை, கால் முள் மட்டும் சுருக்கென்று குத்தும். ஆணா பெண்ணா என்று பாருங்கள். ஆணுக்குக் கொம்பு நீளம். பெண்ணுக்கு வால் முனையில் செம்பழுப்பு மயிர்க் கொத்து இருக்கும். கொம்பின் நீளத்தையும் உடல் நீளத்தையும் ஸ்கேலால் அளந்து, பக்கவாட்டில் நிற்கும்படி ஒரு படம் வரைந்து, ஊரும் தேதியும் எழுதி நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள். ஒரு வண்டோடு நிறுத்தாமல் ஐந்தாறு வண்டுகளை அளந்தால், எருக்குழியில் எது வயிறாரச் சாப்பிட்டது என்று நீங்களே ஊகித்துவிடலாம்.